அடி எடுத்துக் கொடுத்தால்

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் காளவாசலும் அச்சம்பத்தும் கழிந்தால் நாகமலை புதுக்கோட்டை. ஒரு காலத்தில் மலையடிவாரக் கிராமம். அறுபதுகளில் பக்கத்திலேயே கல்லூரி வந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பின்னால் அது காமராசர் பெயரைச் சூடிக்கொண்டது. வேலைக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே மனை வாங்கி வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் முப்பது வயதில் வந்து சேர்ந்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். எனவே, மாலையில் டீக்கடையிலும் பூங்கா பெஞ்சிலும் பெரியவர்கள் கூடிப் பேசுவதற்குக் குறைவில்லாத ஊர். அந்தப் பேச்சில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். எந்த ஊர்த் திண்ணையிலும் வருவதுதான். “கெமிஸ்ட்ரியில இருந்தாரே, ஒசரமா இருப்பாரு, சிரிச்சா கண்ணு மூடிக்கும்... அவரு பேரு என்ன?” “எவரச் சொல்றீங்க?” “அட, கடைசி வரைக்கும் சைக்கிள்லயே வந்தாருய்யா. மூத்த மகளத் திண்டுக்கல்ல கட்டிக் குடுத்தாரு. பேரு நாக்கு நுனியில நிக்குது.” “சீனி...” என்று அடுத்தவர் இழுப்பதற்குள் இவர் தொடையைத் தட்டிக்கொண்டு, “சீனிவாசன்! சீனிவாசனேதான்!” என்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு: “எல்லாம் போச்சுய்யா. வயசாகுதுல்ல.”

எது போச்சு என்று நிதானமாகப் பார்த்தால் அந்தப் பெருமூச்சுக்கு அவ்வளவாக வேலையில்லை. ஆளின் உயரம், சிரிப்பு, சைக்கிள், மகளைக் கொடுத்த ஊர் என்று ஐம்பது ஆண்டுச் சரக்கு அப்படியே இருக்கிறது. வராமல் நின்றது ஒரே ஒரு பெயர். அதுவும் அழிந்துபோகவில்லை, முதல் இரண்டு எழுத்து காதில் விழுந்ததும் முழுதாக வந்து நின்றது. தமிழில் இதற்கு அழகான ஒரு வழக்கு உண்டு: அடி எடுத்துக் கொடுப்பது. பாட வந்தவர் திகைத்து நிற்கும்போது பக்கத்திலிருப்பவர் முதல் சொல்லைத் தருவார். மிச்சம் தானே வரும். புலவர்களுக்கு இறைவனே அடி எடுத்துக் கொடுத்ததாகத் தல வரலாறுகள் சொல்வதும் இதே வழக்கில்தான். முதுமையில் நினைவுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு, கடந்த அறுபது ஆண்டு ஆராய்ச்சி சொல்லும் விடையை இந்த ஒரு வழக்குக்குள் அடக்கிவிடலாம். சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. அடி இல்லாமல் தானாக எடுத்துத் தரும் வேகம்தான் குறைகிறது. இதைப் புரிந்துகொள்ளாததால் இரண்டு தவறுகள் ஒருசேர நடக்கின்றன. இயல்பான மறதிக்கு வீடே பதறுகிறது. உண்மையான நோய் வரும்போதோ “வயசானா அப்படித்தான்” என்று அதே வீடு விட்டுவிடுகிறது.

நினைவு என்பதைக் குதிரில் கொட்டிய நெல்லாக நினைத்துக்கொள்வதிலிருந்து குழப்பம் தொடங்குகிறது. ஓட்டை விழுந்தால் எல்லாம் ஒரே சீராக ஒழுகும் என்று எதிர்பார்க்கிறோம். நினைவு ஒரே பொருள் அல்ல. சைக்கிள் ஓட்டுவதும் பூ கட்டுவதும் கை பழகிய நினைவு. அது எண்பதிலும் பெரிதாக ஆட்டம் காண்பதில்லை. சொல்லின் பொருள், ஊர்களின் அமைப்பு, உறவுமுறை, எந்த மண்ணில் எது விளையும் என்பவை அறிவாகப் படிந்த நினைவு. அது அறுபது தாண்டியும் வளர்கிறது. ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹார்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பல்லாயிரம் பேரின் விடைகளை வைத்து, ஒவ்வொரு திறனும் வெவ்வேறு வயதில் உச்சத்தைத் தொடுகிறது என்று காட்டியது. தகவலைக் கையாளும் வேகம் போன்றவை இருபதை ஒட்டிய வயதிலேயே உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குகின்றன. சொல்வளம் நடுவயதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகிறது. குறைவது மூன்றாவது வகை: நேற்று மத்தியானம் யார் வந்தார், மாத்திரையை எங்கே வைத்தேன், இந்தச் செய்தியை யார் சொன்னார் என்பது போல, இடமும் நேரமும் ஆளும் ஒட்டிக்கிடக்கும் நிகழ்ச்சி நினைவு. புதியவற்றை இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் வேலையைச் செய்வது மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகாம்பஸ். வயது ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. நெற்றிக்குப் பின்னால், தேடும் வேலையை மேய்க்கும் பகுதியும் மந்தமாகிறது.

இந்தச் சரிவைக்கூட நாம் மிகைப்படுத்தி எடைபோட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷாயி 1956இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் முதியவர் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து சோதித்தபோதோ, பெரும்பாலான திறன்கள் அறுபது வயதுவரை சொல்லும்படி குறையவே இல்லை. முதல் ஒப்பீட்டில் தெரிந்த இடைவெளியில் பெரும்பங்கு, இரண்டு தலைமுறைக்கும் கிடைத்த படிப்பு, உணவு, மருத்துவத்தின் வித்தியாசம்தான். இதை மதுரைப் பக்கத்துக்குப் பொருத்திப் பார்க்க அதிக யோசனை வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போன பாட்டியையும் பொறியியல் படிக்கும் பேத்தியையும் ஒரே கேள்வித்தாளில் உட்காரவைத்துவிட்டு, வித்தியாசத்தையெல்லாம் வயதின் கணக்கில் எழுதினால் அது நியாயமான கணக்காகாது.

மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 1966இல் கனடாவில் ஒரு சின்னச் சோதனை முடிவு வெளியானது. டேவிட் ஷோன்ஃபீல்டும் ராபர்ட்சனும் வெவ்வேறு வயதினரிடம் 24 சொற்கள் கொண்ட பட்டியலைக் காட்டினார்கள். பிறகு, ஞாபகம் உள்ளதைச் சொல்லுங்கள் என்றபோது, இளைஞர்கள் சொன்னதில் ஏறத்தாழ பாதியைத்தான் அறுபது கடந்தவர்கள் சொன்னார்கள். அதே சொற்களை வேறு சொற்களோடு கலந்து முன்னே வைத்து, பார்த்தது எது என்று கேட்டபோது இரு சாராரும் சமம். பின்னால் வந்த ஆய்வுகள், அடையாளம் காண்பதிலும் முதியவர்களுக்குச் சிறிது தளர்வு உண்டு என்று திருத்தியிருக்கின்றன. ஆனால் அடி இல்லாமல் எடுப்பதற்கும் அடி கிடைத்து எடுப்பதற்கும் உள்ள அந்த அகலமான இடைவெளி இன்றுவரை நிலைத்திருக்கிறது. வீட்டில் நாம் முதியவர்களைச் சோதிக்கும் விதத்தை நினைத்தால் இதன் பொருள் புரியும். “நேத்து யாரு வந்தாங்க, சொல்லுங்க பாப்போம்” என்பது வெறுங்கையோடு கிணற்றில் இறங்கச் சொல்வது. “நேத்து மத்தியானம் பத்திரிகை வைக்க வந்தவுங்க யாரு தாத்தா?” என்பது கையில் கயிற்றைக் கொடுப்பது. முதல் கேள்விக்கு முழிப்பவர் இரண்டாவதற்குக் கல்யாண மண்டபம் வரைக்கும் சொல்லிவிடக்கூடும்.

பெயர் மட்டும் ஏன் முதலில் சதி செய்கிறது? பெயருக்குப் பொருளின் பிடி இல்லாததால்தான். ஒருவரைக் கொல்லர் என்று சொன்னால் உலை, சம்மட்டி, அரிவாள், கரி படிந்த கை என்று பத்து வழிகள் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்கின்றன. அவர் பெயர் முருகேசன் என்றால் அந்த ஒலிக்கும் அந்த ஆளுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மெல்லிய இழை. வயதால் இழைகள் எல்லாமே கொஞ்சம் தளரும்போது, பத்து உள்ள இடத்தில் ஒன்று தளர்ந்தாலும் தெரிவதில்லை. ஒன்றே உள்ள இடத்தில் கை விட்டுப்போகிறது. நாக்கு நுனியில் நிற்கும் சொல்லை டெபோரா பர்க்கும் டொனால்ட் மெக்கேயும் 1991இல் விளக்கியது ஏறத்தாழ இப்படித்தான். நம் கிராமங்களில் ஊருக்குள் பட்டப்பெயர்கள் நிலைத்த காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே தெருவில் ஆறு கருப்பையா இருக்கும் இடத்தில், ‘சுக்குமல்லி’ என்றால் ஆளும் வந்துவிடும், ஆள் குடிக்கும் காப்பியும் வந்துவிடும். உறவுமுறைச் சொற்களும் இன்னொரு தாங்கல். வாசலில் வந்து நிற்பவர் பெயர் மறந்தாலும் “வாங்க மாப்ள” என்று சமாளித்துவிடலாம். பெயர் சொல்லி அழைத்தே ஆக வேண்டிய ஊர்களில் முதியவர்பாடு இதைவிடத் திண்டாட்டம்தான். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடிச் சமணர் மலையில், பெயர் மட்டும் மறப்பதற்கு நேர் எதிரான மறதியைப் பார்க்கலாம். பேச்சிப்பள்ளத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்தில் கிடக்கின்றன. பெயர் இருக்கிறது; அவர்கள் ஒசரமா குட்டையா, சிரித்தால் கண் மூடுமா என்பது போய்விட்டது. டீக்கடைப் பெரியவரிடம் இருப்பது மற்றதெல்லாம். இல்லாதது பெயர் மட்டும்.

பேரப்பிள்ளைகளைச் சலிப்படைய வைக்கும் இன்னொன்று, சொன்ன கதையையே சொல்வது. “தாத்தா, இத முந்தாநாளே சொல்லிட்டீங்க.” தாத்தாவுக்குக் கதை மறக்கவில்லை, வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. யாரிடம் சொன்னோம் என்பதுதான் மறந்திருக்கிறது. இரண்டும் தனித்தனி நினைவுகள் என்பதையும், பின்னது முதுமையில் கூடுதலாகத் தளர்கிறது என்பதையும் நைஜல் கோப்பியும் ஃபெர்கஸ் கிரேக்கும் லின் ஹாஷரும் 2010இல் சோதித்துக் காட்டினார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கதைகள் எந்தக் காலத்துக் கதைகள் என்று கவனித்தால் அதிலும் ஓர் ஒழுங்கு தெரியும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே முதியவர் நினைவில் மேடாகக் குவிந்திருக்கின்றன. டேவிட் ரூபினும் அவருடன் உழைத்தவர்களும் 1986இல் இதை வரைபடமாக்கினார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம், முதல் குழந்தை என்று முதன்முறைகள் எல்லாம் அந்த இருபது ஆண்டில்தான் நெருக்கியடித்து வருகின்றன. மதுரையில் இன்று எழுபத்தைந்தைத் தொடும் ஒருவருக்கு அந்த மேட்டில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும், 1967 தேர்தலும், ஒருவேளை அவர் கைக்குழந்தையைத் தோளில் தூக்கிப் போய்க் காட்டிய 1981 உலகத் தமிழ் மாநாடும் இருக்கும். 2011இல் என்ன நடந்தது என்று கேட்டால் யோசிப்பார்.

இந்த மேட்டை வைத்துத்தான் குடும்பங்கள் ஏமாந்தும் போகின்றன. “அறுபத்தஞ்சுல நடந்தத அப்படியே சொல்றாரு, அவருக்குப் போய் மறதி நோயா?” என்ற வாதம் பரவலானது, தவறானதும்கூட. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது புதியதை முடிச்சுப்போடும் ஹிப்போகாம்பஸ் பக்கத்தை. பழையது கடைசி வரை தாக்குப்பிடிக்கும், புதியது முதலில் போகும் என்று பிரெஞ்சுக்காரரான தெயோடியூல் ரிபோ 1881லேயே எழுதிவைத்தார். எனவே பழங்கதை கணீரென்று வருவது மூளை நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. அது உண்மைக்கும் முழுச் சான்று அல்ல. ஒரு கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நாம் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவதில்லை, புதிதாகக் கட்டுகிறோம். கேட்பவர் சிரித்த இடம் அடுத்த முறை கொஞ்சம் நீள்கிறது. கேட்பவர் கொட்டாவி விட்ட இடம் உதிர்கிறது. ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலின் சாரமும் அதுவே. கணீரென்று இருப்பதை எல்லாம் துல்லியம் என்று எடுத்துக்கொண்டு, தாத்தா சொன்னதை வைத்து நிலத் தகராறைத் தீர்க்கப் போனால் வம்பு.

நினைவைத் தாங்கிப் பிடிக்க அடி தேவை என்பதை ஆய்வுக்கூடங்கள் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் யாப்பு தெரிந்துவைத்திருந்தது. மோனை என்பது என்ன? முதல் எழுத்து ஒன்றிவரத் தொடுப்பது. எதுகை, இரண்டாம் எழுத்து. பெயர் வராமல் தவிப்பவருக்கு உளவியலாளர் தரும் முதல் துப்பும் சொல்லின் தலை எழுத்துதான். அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லிலேயே அடுத்த பாட்டு பிறக்கிறது. நூறு பாட்டையும் ஒருவர் மனப்பாடமாகச் சொல்கிறார் என்றால், ஒவ்வொரு பாட்டும் தன் தம்பிக்கு அடி எடுத்துக் கொடுக்கிறது. ஆத்திசூடி அகர வரிசையில் இருப்பது குழந்தைக்கு எழுத்துச் சொல்லித்தர மட்டுமல்ல. 109 வரியில் எது விடுபட்டது என்று அந்த வரிசையே காட்டிக்கொடுக்கும். பள்ளிக்கூடம் போகாத மூதாட்டி, இழவு வீட்டில் ஒப்பாரியை மணிக்கணக்கில் நிறுத்தாமல் சொல்வார். அதே மூதாட்டியை மறுநாள் உட்காரவைத்து, “நடுவுல அண்ணன் சீரைப் பத்தி வருமே, அந்த வரிய மட்டும் சொல்லுங்காத்தா” என்றால் வராது. “மொதல்லருந்து சொன்னாத்தேன் வரும்” என்பார். மெட்டு ஒரு கயிறு, மோனை அதில் முடிச்சு. வாய்மொழி மரபுகளின் நினைவைப் பற்றி ரூபின் 1995இல் எழுதிய நூல் இந்தச் சங்கிலியைத்தான் பல நாட்டுப் பாடல்களில் ஆராய்ந்தது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் ஆற்றலும், யாப்பில் ஊறிய மரபிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அப்படியானால் எழுதப்படிக்காத அந்தத் தலைமுறைக்குத்தான் நினைவாற்றல் அதிகம், படிப்பும் போனும் வந்துதான் நம் தலைமுறை கெட்டது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. சான்று துணை நிற்கவில்லை. இளமையில் கிடைக்கும் கல்வி, பிற்காலத்தில் மறதி நோயைத் தள்ளிப்போடும் முக்கியக் காரணிகளில் ஒன்று என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஒப்பாரிப் பாட்டியைப் பார்த்து வியக்கும் நாம், எதையும் ஞாபகம் வைக்க முடியாமல் மூலையில் கிடந்த அவர் காலத்துப் பாட்டிகளைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த எதிர்வாதத்தில் ஒரு நியாயமான துளியும் உண்டு. படிக்காதவர்களை அளக்கும் அளவுகோல் நெடுங்காலம் கோணலாக இருந்தது. எல்லா நாட்டிலும் பயன்படும் நினைவுச் சோதனை, ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்கிறது, ஓர் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்கிறது. இதில் தோற்பவருக்கு மறதியா, பள்ளிக்கூடம் கிடைக்காததா? ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலி தலைமையிலான குழு தொண்ணூறுகளில் இதை இந்திக்கும் கிராமத்துக்கும் ஏற்றபடி மாற்றியது. தலைகீழ் எழுத்துக்கூட்டலுக்குப் பதில் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லவேண்டும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று இறங்குவதற்குப் பட்டம் தேவையில்லை. செவ்வாய்ச் சந்தைக்குப் போய்வந்த யாரும் முயன்று பார்க்கலாம்.

படிப்புக்கு இணையாக இன்னொன்றும் கைகொடுக்கிறது என்று ஹைதராபாத்திலிருந்து ஒரு சேதி வந்தது. சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதி நோய் கண்ட 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசுவோருக்கு, ஒரு மொழி மட்டுமே பேசுவோரைவிடச் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசி, கடைவீதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் மதுரையில் ஏராளம். அவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல இந்த ஒரே ஆய்வு போதாது. வேறு சில நாடுகளின் முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை.

அடுத்த எதிர்வாதம் கனமானது. இயல்பான மறதி, அடி கொடுத்தால் வரும் என்றெல்லாம் பேசிப் பேசி, நோயை மூடி மறைக்கிறீர்களா என்பது. நோயின் அளவு சின்னதல்ல. இந்தியாவில் முதுமையை நீண்டகாலம் தொடரும் லாசி ஆய்வின் ஒரு பகுதியாக, 60 வயது கடந்த 4,096 பேரை விரிவாகச் சோதித்துக் கணித்ததில், அந்த வயதினரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கும் என்று தெரியவந்தது. நாடு முழுக்க ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். 2031இல் அது பதினெட்டாகும் என்பது அரசின் கணிப்பு. அந்தக் காலத்தில் யாருக்கு இந்த நோய் வந்தது என்பவர்கள், சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதைச் சற்றுத் தாண்டியதுதான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். நோய் தலைகாட்டும் வயது வரை இருந்தவர்களே குறைவு.

ஆனால் அடி என்ற அளவுகோல் நோயை மறைக்காது, கண்டுபிடிக்கவே உதவும். எலன் குரோபரும் ஹெர்மன் புஷ்கேயும் 1987இல் வகுத்த சோதனையின் அடிப்படையே அதுதான். முதியவருக்குச் சில பொருள்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வகையோடு சேர்த்துப் பதிய வைக்கிறார்கள்: பழம் எது, திராட்சை, இசைக்கருவி எது, மத்தளம் என்பது போல. பிறகு ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். விடுபட்டவற்றுக்கு, “அதில் ஒரு பழம் இருந்ததே?” என்று அடி எடுத்துக் கொடுக்கிறார்கள். இயல்பாக வயதேறியவர், “ஆமா, திராட்சை” என்று பிடித்துக்கொள்வார். அல்சைமர் தொடங்கியவருக்கு அடி கொடுத்தும் வராது. சிலசமயம் காட்டாத பழத்தைச் சொல்வார். அங்கே பூட்டு இறுகவில்லை. பெட்டிக்குள் பொருளே போய்ச்சேரவில்லை. வீட்டில் கண்ணுக்குப் படுவதும் இதே வித்தியாசம்தான். வந்துபோன சம்பந்தியின் பெயர் வராமல், சொன்னதும் தலையில் தட்டிக்கொள்வது ஒன்று. “சம்பந்தி நேத்து வந்துட்டுப் போனாங்கள்ல, நீங்கதானே காப்பி குடுக்கச் சொன்னீங்க” என்று விவரமாக எடுத்துச் சொன்ன பிறகும் வெற்று முகத்தோடு, “யாரு வந்தா? யாரும் வரலையே” என்று நிற்பது வேறொன்று. சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று சந்தேகப்படுவது ஒன்று. நாற்பது ஆண்டு வைத்த சாம்பாரில் பருப்புக்கு அடுத்து எது என்று அடுப்பின் முன் நின்றுவிடுவது வேறொன்று. முப்பது ஆண்டு நடந்த தெருவில் வீட்டைத் தவறவிடுவதும், கணக்கு வழக்கில் கெட்டிக்காரராக இருந்தவர் மளிகைக் கடையில் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு திணறுவதும், பத்து நிமிடத்துக்குள் ஒரே கேள்வியை நாலு முறை கேட்பதும் இந்த இரண்டாம் வகை.

இதை வைத்து வீட்டுக்கு வீடு வைத்தியம் தொடங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் நியாயமானது. அடி கொடுத்தும் வராததற்கு அல்சைமர் மட்டுமே காரணம் அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்புகள் என்று வரிசை நீளம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். காது சரியாகக் கேட்காதவர் மறந்தார் என்று சொல்வதே பிழை. சொன்னது அவர் தலைக்குள் போகவே இல்லை. காது மந்தம், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, கெட்ட கொழுப்பு முதலிய 14 காரணிகளைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அதை இதயத்துக்கு என்று மட்டும் நினைக்கிறோம். நினைவுக்கும் அதுவே காப்பு. நடப்பதும் அப்படித்தான். கிர்க் எரிக்சனும் குழுவினரும் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை ஓராண்டு, வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் விறுவிறுவென்று நடக்கவைத்தார்கள். அவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது. கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்ற சாராருக்குச் சுருங்கியது. நினைவைக் கூட்டுவதாக விற்கப்படும் லேகியங்களையும் போன் விளையாட்டுகளையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி எடுத்த விளையாட்டில் கை தேறும். அதைத் தாண்டிச் சாவியை வைத்த இடம் ஞாபகம் வருமா என்பது வேறு விஷயம்.

முதியவரிடமிருந்து அடிகளைப் பறிப்பதில் நம் காலம் வெகு வேகம். கிராமத்து வீட்டில் மாடக்குழியைப் பார்த்தாலே விளக்கேற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வரும், மாட்டின் சத்தம் நேரம் சொல்லும், வாசலில் போகிறவர் “என்ன பெரியப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகலையா?” என்று கிழமை சொல்வார். மகன் வீட்டு இரண்டாம் மாடிக்குக் கூட்டிவந்து, எல்லாக் கதவும் ஒரே நிறத்தில் இருக்கும் நடையில் விட்டதும், “ஊர்ல நல்லாத்தேன் இருந்தாரு, இங்க வந்து மறதி கூடிப்போச்சு” என்கிறார்கள். கூடவில்லை, அதுவரை மறதியை ஊரே தாங்கிக்கொண்டிருந்தது. ஆறு இலக்க ஓடிபி வந்து, அதைப் பார்த்துவிட்டு வேறு திரைக்குப் போய் சில நிமிடத்தில் அது காலாவதியாவதற்குள் அடிக்கச் சொல்வது, தளர்ந்துபோன அந்த ஒரே திறனைத் தேடிப்பிடித்துச் சோதிப்பதாகும். அதில் தோற்ற முன்னாள் தலைமையாசிரியரை, வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் பையன் “ஒண்ணும் தெரியல” என்கிறான். துணை போவது இன்னும் பெரிய இழப்பு. ஆஸ்திரேலியாவில் சீலியா ஹாரிஸ் குழுவினர் முதிய தம்பதிகளைச் சேர்த்தும் பிரித்தும் நினைவுகூரச் சொல்லிப் பார்த்தார்கள். சில தம்பதிகள் ஒருவருக்கொருவர் அடி எடுத்துக் கொடுத்து, தனித்தனியாகச் சொல்ல முடியாததைச் சேர்ந்து சொன்னார்கள். தாலி அறுந்த வீட்டிலும் தனிமரமான ஆணிடமும் திடீரென்று மறதி கூடுவதில் மனச்சோர்வுக்கும் பங்கு உண்டு. பாதி நினைவைச் சுமந்தவர் போய்விட்டதற்கும் பங்கு உண்டு.

மறந்துவிடுவோம் என்ற பயமே மறதியைக் கூட்டுகிறது என்பதற்கும் சான்று உள்ளது. தமரா ரஹாலும் வேறு இருவரும் 2001இல் ஒரே பணியை இரண்டு விதமாக அறிமுகம் செய்தார்கள். இது நினைவுத் திறன் சோதனை என்று சொன்னபோது முதியவர்கள் இளைஞர்களைவிடப் பின்தங்கினார்கள். ‘நினைவு’ என்ற சொல்லே வராமல், புதிய தகவலைக் கற்றுக்கொள்வதாகச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்தது. தினமும் காலையில் “மாத்திரை போட்டீங்களா, மறந்துட்டீங்களா?” என்று கேட்கும் வீடுகள் யோசிக்க வேண்டிய இடம் இது. நடைமுறையில், மாத்திரை, பூசை, ஓய்வூதிய நேர்காணல் போல நாள்வாடிக்கையோடு ஒட்டிய கடமைகளில் முதியவர்கள் இளைஞர்களைவிடத் தவறுவது குறைவு என்பதும் சோதனைகளில் பதிவான ஒரு விசித்திரம். காப்பிக்கு முன் மாத்திரை என்று வைத்துக்கொண்டால், காப்பியே அடி.

அடி கொடுத்தும் வராத நிலை மாதக்கணக்கில் தொடர்ந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ போவது நல்லது. வீட்டில் வழிதெரியாமல் தவிப்பவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567 உண்டு. மருத்துவமனையில் மருத்துவர் முதலில் முதியவரிடம் பேசுவார். பிறகு கூட வந்தவர்கள் பக்கம் திரும்பி, நோயறிதலில் பாதி வேலையைச் செய்யும் ஒரு கேள்வியைக் கேட்பார்: “எப்போலேருந்து இப்படி?” மகன் மருமகளைப் பார்ப்பார். “ஒரு வருசம் இருக்குமா?” “இல்லங்க, அதுக்கு முந்தி.” “எது... போன தீவாளிக்கா?” “தீவாளிக்கு நல்லாத்தான இருந்தாரு.” இருவரும் சற்று நேரம் விழிப்பார்கள். அப்புறம் மருமகள்தான் சொல்வார்: “நம்ம சின்னவளுக்குக் காது குத்துனோம்ல, அன்னைக்கு மொட்டைபோட்ட புள்ளையப் பாத்து யாரு புள்ளைன்னு கேட்டாரே.” மகனுக்கு மடமடவென்று எல்லாம் வந்துவிடும்; மாதம், கிழமை, பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தது உட்பட.